இடுப்புக்கு மேலே நாலு விரல்

நெல்லிக்கொட்டாய், வெள்ளிமலை வழி
8.9.2024

கோகிலாவுக்கு,

மலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, விடிகாலைக் குளிர் மட்டும் முதுகைப் பிடித்து உலுக்குகிறது. நீயும் இலக்கியாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் புருஷன் கடுதாசி எழுதுகிறானே என்று சிரிக்காதே. வந்த மூன்றாம் நாளே என் போன் கலவைத் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. உயிரோடு இருந்தாலும் பயனில்லை, இங்கே டவர் கிடையாது. பேச வேண்டுமென்றால் வெள்ளிமலைக்கு இறங்க வேண்டும், அதில் அரை நாள் வேலை கெட்டுவிடும். கடுதாசியில் ஒரு வசதியும் இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. நம் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ராசு கண்டக்டர் இதைக் கொண்டுவந்து கொடுப்பார். பதிலையும் அவரிடமே கொடு.

கட்டுவது அங்கன்வாடி. ஒரு கூடம், ஒரு சமையல் அறை, சாமான் வைக்க ஒரு சின்ன ரூம். இந்த ஊர்ப் பிள்ளைகள் இருபது பேர் இப்போது ஓட்டைத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து சுண்டல் தின்கிறார்கள். மழை பெய்தால் சுண்டல் ரசமாகிவிடும் என்று ஆயாம்மா சொல்கிறார்.

சூப்பர்வைசர் பெயர் அஜித். சுவரைப் பார்ப்பதைவிடச் சுவரைப் போனில் படம் பிடிப்பதுதான் அவனுக்கு வேலை. முதல் நாளே வந்து நின்றான். "இன்னா மேஸ்திரி, காலைலேர்ந்து எரநூறு கல்லுதான் ஏறிக்கீது? கீழ ஒரு ஆளு ஆயிரம் வெச்சினு போறான்" என்றான். "தம்பி, வேகமா போறதுக்கு இது பஸ்ஸு இல்ல, செவுரு. வெச்ச எடத்துலயே நிக்கணும்" என்றேன். அதையும் படம் பிடித்துக்கொண்டான்.

முக்கியமான விஷயம். நம் வீட்டு பேஸ்மட்டத்தை யாரும் தொடக் கூடாது. தை மாதம் நானே வந்து சுவர் ஏற்றுகிறேன். ஆதிமூலம் கொத்தனார் வந்து, எட்டே நாளில் ஏற்றித் தருகிறேன் என்பான். டீ கொடுத்து அனுப்பிவிடு.

குளிரில் விரல் மடங்கவில்லை, இத்தோடு நிறுத்துகிறேன்.

சின்னக்கண்ணு


கச்சிராயபாளையம்
20.9.2024

மாமாவுக்கு,

கடுதாசி கிடைத்தது. இலக்கியா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பா எழுத்து கூட நூல் புடிச்ச மாதிரி கீது" என்றாள். இருவரும் நன்றாக இருக்கிறோம். முட்டிவலி படி ஏறினால்தான் வருகிறது. நம் வீட்டுக்குப் படி என்று ஒன்று வரட்டும், அப்புறம் வலிக்கட்டும். நீங்கள் அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், அழகு பார்க்க அங்கே யாரும் இல்லை.

பேஸ்மட்டத்தை யாரும் தொடவில்லை. ஆறு வருஷமாக யாரும் தொடவில்லை. அடுத்த தெருத் தைலம்மா அக்கா அதன்மேல் மல்லாட்டை காயப்போடுகிறாள், சாயங்காலம் ஆடு படுத்துக்கொள்கிறது. முதல் தடவை நாலு வரி வைத்தீர்கள், ஒரு நூல் கோணல் என்று பிரித்தீர்கள். இரண்டாம் தடவை ஆறு வரி வைத்தீர்கள், கல் சரியாக வேகவில்லை என்று பிரித்தீர்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற மேஸ்திரியின் பெண்டாட்டி பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் குடித்தனம் நடத்துகிறாள். இதைக் குறையாக எழுதவில்லை. குறைதான், ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இப்போது சிரிக்காத விஷயம். அரசு வீட்டுத் திட்டத்தில் நம் பெயர் வந்துவிட்டது. பஞ்சாயத்திலிருந்து வந்தவர் பேஸ்மட்டத்தைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தை பத்தாம் தேதிக்குள் சுவர் வாசல் உயரத்துக்கு, லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்க வேண்டுமாம். "அதுக்குள்ள ஏறலன்னா பேரு அடுத்த ஆளுக்குப் பூடும்மா, என் கைல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை பெயர் எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

தை பிறந்து நீங்கள் வந்து ஆரம்பித்தால் பத்து நாள்தான் இருக்கும். பத்து நாளில் நீங்கள் நூல்தான் கட்டுவீர்கள். ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வாருங்கள் மாமா.

ராசு அண்ணன் ஹாரன் அடிக்கச் சொல்கிறார், ஓடுகிறேன்.

கோகிலவாணி


நெல்லிக்கொட்டாய்
6.10.2024

கோகிலாவுக்கு,

ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். உடம்பு தேவலை. பெயர் வந்த செய்தியைப் படித்து, அஜித்துக்கே டீ வாங்கிக் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் இப்போது வர முடியாது. சமையல் அறைக்கு அஸ்திவாரம் தோண்டினால் கீழே முழுப் பாறை. பதினைந்து நாள் அதிலேயே போய்விட்டது. மழைக்கு முன்னால் கூடத்துச் சுவரையாவது ஏற்றித் தருகிறேன் என்று ஊர்க்காரர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் இறங்கினால் அஜித் வேறு ஆளைக் கொண்டுவந்து எட்டு நாளில் ஏற்றிவிடுவான். கார்த்திகையில் எப்படியாவது வருகிறேன்.

ஆதிமூலம் மட்டும் வேண்டவே வேண்டாம். மூங்கில்துறைப்பட்டில் ஒரு ஆலைத் தொழிலாளிக்கு அவன் கட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பீரோவைச் சுவரில் ஒட்டி வைக்க முடியாது. மேலே ஒட்டினால் கீழே பூனை போகிறது. அந்தச் சுவர் விழாது கோகிலா, அதுதான் அநியாயம். விழுந்து தொலைத்தால் தப்பும் சேர்ந்து போய்விடும். விழாமல் ஐம்பது வருஷம் கோணலாகவே நின்று காட்டும். அந்த மாதிரி ஒன்றுக்குள் நான் தூங்க மாட்டேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபத்தை நாலு வரி எழுதி அனுப்பு, சும்மா இருந்துவிடாதே.

சின்னக்கண்ணு


கச்சிராயபாளையம்
19.10.2024

மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். கோபம் இல்லை. உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள், நம் வீடு எங்கே ஓடிவிடப் போகிறது?

தைலம்மா அக்கா வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் வைக்கிறார்கள். அவள் உங்களிடம் சில சந்தேகம் கேட்டு எழுதச் சொன்னாள். கல்லை எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும்? மூலையை எப்படி ஏற்றுவது? நூல் எங்கே கட்டுவது? ஜன்னல் வைப்பதென்றால் எந்த உயரத்தில் ஆரம்பிப்பது?

கலவை எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன். பதினாலு வருஷம் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் சித்தாளாகச் சட்டி சுமந்தவளுக்குக் கலவை தெரியாதா? ஆனால் சட்டியை இறக்கி வைத்ததும் அடுத்த சட்டிக்குத் திரும்பிவிடுவோம். அதற்கப்புறம் சாரத்தின் மேலே என்ன நடக்கிறது என்று நின்று பார்க்க எங்களுக்கு ஏது நேரம்?

விவரமாக எழுதுங்கள். தைலம்மா அக்கா அவசரப்படுத்துகிறாள்.

கோகிலவாணி


நெல்லிக்கொட்டாய்
3.11.2024

கோகிலாவுக்கு,

தீபாவளிக்கு வர முடியாதது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ராசுவிடம் ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இலக்கியாவுக்கு இருமல் வந்தால் கொடு. இங்கே நான் நன்றாக இருக்கிறேன்.

மாட்டுக் கொட்டகைக்கு இவ்வளவு கேள்வியா? தைலம்மா மாடு கொடுத்துவைத்தது. அவர்கள் வீட்டுக் கொத்தனாருக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேள். தெரியாவிட்டால் இதைப் படித்துக் காட்டு.

கல்லைத் தண்ணீரில் போட்டால் புஸ்புஸ் என்று மூச்சு விடும். அந்த மூச்சு நிற்கும்வரை எடுக்கக் கூடாது. காய்ந்த கல், கலவையில் இருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும். அப்புறம் கலவை வெறும் மணல்.

முதலில் இரண்டு மூலையை ஏற்று. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை நூல் கட்டு. கல் நூலை முட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். கீழ் வரியில் இரண்டு கல் சேருகிற இடத்தின்மேல் மேல் வரிக் கல்லின் நடு வயிறு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு மூன்றடிக்கு மேல் ஏற்றாதே, கீழே உள்ள கலவை இன்னும் பச்சைப்பிள்ளை. ஒவ்வொரு வரிக்கும் குண்டு விடு. அலுத்துப்போனால் வீட்டுக்குப் போ, அலுப்போடு கல் வைக்காதே.

ஜன்னல் அடிக்கு நான் டேப் பிடிப்பதில்லை. சுவர் பக்கத்தில் நேராக நின்று பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேலே நாலு விரல், அங்கே ஜன்னல் ஆரம்பம். இருபது வருஷமாக நான் வைத்த ஜன்னலெல்லாம் அப்படித்தான். ஒன்றிலாவது ஒரு நூல் கூடினது இல்லை, குறைந்தது இல்லை.

இங்கேயும் கூடத்துக்கு ஜன்னல் மட்டம் வந்துவிட்டது. வாண்டுகள் வெளியே நின்று உள்ளே பார்க்கக் குதிக்கிறார்கள். தனுஷா என்று ஒரு குட்டி, நாலு வயது. நான் நனைத்து வைத்த கல்லை அடுக்கி அதன்மேல் ஏறி நின்று பார்க்கிறாள். நனைத்த கல்லில் மண்காலோடு ஏறினால் எனக்கு எப்படி இருக்கும்? விரட்டிவிட்டேன்.

இவ்வளவு நீளமாக உனக்கு நான் எழுதியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால்கூட எழுதவில்லை.

சின்னக்கண்ணு


கச்சிராயபாளையம்
17.11.2024

மாமாவுக்கு,

நலம். தேன் பாதி தீர்ந்துவிட்டது, இருமல் யாருக்கும் வரவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்குத் திட்டாதீர்கள், விரல் நுனியைச் சிமென்ட் தின்றிருக்கிறது.

தைலம்மா அக்கா ஒன்று கேட்கச் சொன்னாள். தெருப் பக்க மூலை, மூன்றாவது வரியில் ஒரு விரல் வெளியே தள்ளிவிட்டது. மறுநாள்தான் தெரிந்தது. மேலே வருகிற வரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துச் சரி செய்துவிடலாமா? பூசிவிட்டால் தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொத்தனாருக்குப் பிரிக்க மனசே வரவில்லை. சீக்கிரம் எழுதுங்கள், வேலை அப்படியே நிற்கிறது.

கோகிலவாணி


நெல்லிக்கொட்டாய்
20.11.2024

கோகிலாவுக்கு,

பிரி.

பூசினால் ஊருக்குத் தெரியாது, வைத்தவனுக்குத் தெரியும். பிரிக்கச் சொல். நான் சுகம், ராசு பஸ்ஸைக் கிளப்பிவிட்டார்.

சின்னக்கண்ணு


நெல்லிக்கொட்டாய்
15.12.2024

கோகிலாவுக்கு,

புயல் மழையில் பாதை அடைபட்டு இரண்டு வாரம் பஸ் வரவில்லை. கார்த்திகையில் வருகிறேன் என்று சொன்னது அதோடு போயிற்று. நேற்றுத்தான் முதல் பஸ். ராசு இறங்கினதும் நேராக என்னிடம் வந்தார். "இன்னா மேஸ்திரி, நீங்க இங்க கீறீங்க, அங்க உங்க வூட்டு செவுரு ஜன்னலத் தாண்டி ஏறிக்கினு கீது. யாரு கட்டறது?" என்றார். எல்லார் முன்னாலும் கேட்டார்.

மாட்டுக் கொட்டகை என்று எழுதினாயே, அந்தக் கொட்டகை நம் பேஸ்மட்டத்தில்தான் இருக்கிறதா? ஆதிமூலத்துக்கா இவ்வளவு நாள் நான் பாடம் எழுதி அனுப்பினேன்? என் பேஸ்மட்டத்தில் அவனைக் கை வைக்க விட்டுவிட்டாயே.

இதைப் படித்ததும் வேலையை நிறுத்து. ஒரு கல் ஏறக் கூடாது. பொங்கலுக்கு முன்னால் வந்து குண்டு விட்டுப் பார்ப்பேன். கோணல் இருந்தால் அத்தனையும் பிரிப்பேன். பட்டியலில் பெயர் போனாலும் சரி.

முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்கவும் மனசில்லை. எப்படி இருக்கிறது?

சின்னக்கண்ணு


கச்சிராயபாளையம்
22.12.2024

மாமாவுக்கு,

முட்டி நன்றாக இருக்கிறது. சாரம் ஏறி இறங்கியதில் வலி போய்விட்டது. இலக்கியா அரைப் பரீட்சை எழுதிவிட்டாள்.

வேலையை நான் நிறுத்தவில்லை.

ஆதிமூலம் வந்தார், டீ குடித்தார், போனார். கட்டுகிற ஆள் அவர் இல்லை. இந்த ஆள் ஒரு நாளைக்கு நூற்றைம்பது கல் வைத்தால் அதிகம். கல்லின் மூச்சு நிற்கிறதா என்று தொட்டி பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொள்கிற ஆள். தெருப் பக்க மூலை தள்ளிவிட்டது என்று உங்களுக்கு எழுதிவிட்டு வேலையை நிறுத்தி வைத்த ஆள். நீங்கள் 'பிரி' என்று எழுதினது கைக்கு வந்த அன்றே பிரித்தாயிற்று. பிரிக்கும்போது அழுகை வந்துவிட்டது. புயல் மழை வரும்முன் சுவர் முழுக்கத் தார்ப்பாய் போட்டு, அதன்மேல் கரும்புச் சோகையை அடுக்கிக் கட்டி, கொட்டகை ஒழுகினதைக்கூடக் கவனிக்காத ஆள்.

அந்த ஆள் நான்தான் மாமா.

பதினாலு வருஷம் சட்டி சுமந்தேன். கரணையைப் பிடி என்று ஒருத்தரும் சொன்னதில்லை, பிடிக்காதே என்றும் சொன்னதில்லை. பெண் என்றால் சித்தாள், அதோடு சரி. நீங்கள் வர முடியாது என்று எழுதியதும் ஆணியில் தொங்கின உங்கள் பழைய கரணையை எடுத்தேன். தைலம்மா அக்கா கலவை போட்டாள், இலக்கியா காலையில் பள்ளிக்கூடம் போகும்முன் நூல் பிடித்தாள். உங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி வந்திருப்பீர்கள். கட்டுவதற்கு இல்லை, தடுப்பதற்கு.

தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருத்தர், "பொம்பள கை வெச்ச செவுரு நிக்குமா?" என்று கேட்டார். தைலம்மா அக்கா சட்டியை இறக்காமலே, "உன்னப் பெத்து நிக்க வெச்சது பொம்பளதான், நீ நிக்கறியே" என்றாள்.

வாசக்கால் இடத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைப்பது. தை மூன்று நல்ல நாள் என்றார்கள். ஊர் சொல்வதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. உங்கள் கண் ஒன்றுக்குத்தான் பயப்படுகிறேன்.

கோகிலவாணி


கச்சிராயபாளையம்
6.1.2025

மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதினைந்து நாளாகப் பதில் இல்லை. பஸ் வரும்போதெல்லாம் ஸ்டாப்பிங்கில் போய் நிற்கிறேன். ராசு அண்ணன் படியில் நின்றபடியே கையை விரிக்கிறார். "நல்லாத்தான் கீறாரு, பேசத்தான் மாட்டேங்கறாரு" என்றார்.

லிண்டலுக்கு இன்னும் நாலு வரிதான் பாக்கி. அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் பிரிக்கச் சொன்னால், பிரிக்கிற வேலையாவது குறையட்டும் என்றுதான். தினமும் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.

பொய் சொன்னது தப்புதான். அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் குண்டு விட்டுப் பார்க்காமல் ஒரு கல்லைப் பிரித்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யார் கட்டினது என்று பார்க்காமல் சுவரைப் பாருங்கள்.

பொங்கலுக்கு வருவீர்கள் அல்லவா? வாழை இலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோகிலவாணி


நெல்லிக்கொட்டாய்
27.1.2025

கோகிலாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் நீ கட்டிக்கொடுத்த புளிசாதத்தை ராசுவும் நானும் தின்றோம். நீ கூடவே இருந்து பார்த்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் என் மனசில் ஓடியதை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பதில் போடாத கதை. ஆறு கடுதாசி எழுதினேன். முதலாவதில் முழுக்கத் திட்டு. இரண்டாவதில் புத்திமதி. மூன்றாவதில் உன்னைப் புகழ்ந்திருந்தேன், அது எனக்கே பொய் மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தேன், கோணலாக இருந்தது, கிழித்தேன். என் குணம் உனக்குத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கி உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சுவரிடம் போனேன். பின்னாலேயே தெரு வந்தது, ஆதிமூலமும் வந்தான். நாலு மூலையிலும் குண்டு விட்டேன். ஒரு மூலையாவது தப்பாக இருக்காதா என்றுதான் தேடினேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். இல்லை. குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் ஆடாமல் நின்றது. தெரு என் முகத்தைப் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். சமையலறை ஜன்னல் இரண்டு வரி இறக்கம். அப்பாடா, ஒரு தப்பு கிடைத்தது என்று சுத்தியலை எடுத்தேன்.

"இடுப்புக்கு மேல நாலு வெரலுன்னு எழுதினேனே" என்றேன்.

"அப்படித்தான் வெச்சேன். யாரு இடுப்புன்னு நீங்க எழுதலியே மாமா" என்றாய்.

தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உன்னை அந்த ஜன்னல் ஓரம் நிற்கச் சொன்னேன். நின்றாய். முருங்கை மரம் தெரிகிறது, தெருமுனை தெரிகிறது, பஸ் வந்தால்கூடத் தெரியும் என்றாய். அப்போது தைலம்மா மெதுவாக, "எங்க வூட்டு ஜன்னல்ல எனக்கு ஆகாசம் மட்டும்தான் தெரியும் மேஸ்திரி. நீங்க கட்டினதுதான்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் எத்தனை சமையலறை கட்டியிருப்பேன் கோகிலா. ஒன்றிலும் ஒரு நூல் கோணல் இல்லை. அத்தனையும் பனைமரம் மாதிரி வளர்ந்த என் இடுப்புக்குக் கட்டியிருக்கிறேன், உள்ளே நிற்கிறவள் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீ வாங்கி வைத்திருந்த பழைய ஜன்னலைச் செருகி, பாக்கி நாலு வரியை நாம் ஏற்றும்போது அதன்மேல் இரண்டு வரி வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தியதே, அன்றைக்கு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசக்கால் அன்று கொத்தனாருக்குக் கொடுக்கிற, வேட்டி துண்டு வைத்த வெற்றிலைத் தட்டை என்னிடம் நீட்டினாய். நான் வாங்கி உன்னிடமே திருப்பி நீட்டினேன். அந்த வேட்டியையும் துண்டையும் வைத்துக்கொண்டு நீ முழித்த முழி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. என்னால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மலைக்குத் திரும்பிய மறுநாள் அந்தக் குட்டி தனுஷாவைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிறுத்தினேன். அவள் இடுப்புக்கு மேலே நாலு விரல் அளந்தேன். அவள் விரல் இல்லை, என் விரல். கூடத்து ஜன்னலில் ஐந்து வரி பிரித்தேன். அஜித் ஓடிவந்தான். "திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சினு கீறாங்க, நீங்க இன்னா கட்டினத ஒடச்சினு கீறீங்க?" என்று கத்தினான். என்ஜினியர் அம்மாவுக்குச் சொல்லியும் விட்டான். அவர் வந்து ஜன்னல் முன்னால் குந்தி உட்கார்ந்து வெளியே பார்த்தார். எழுந்து, "இன்னொரு ஜன்னலும் இப்படித்தானே?" என்று மட்டும் கேட்டார்.

கம்பி வைத்து, மேலே ஐந்து வரி அடைத்துவிட்டேன். இப்போது வாண்டுகள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். நகரச் சொன்னால் நகருவதில்லை. பூச்சு வேலை தாமதமாகிறது, ஆகட்டும்.

பஞ்சாயத்துக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று உடனே எழுது.

சின்னக்கண்ணு


கச்சிராயபாளையம்
9.2.2025

மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். பெயர் நிலைத்துவிட்டது. தை ஒன்பதில் நம் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போனவர் நேற்று வந்து, கூரைக்குப் பணம் எழுதியாயிற்று என்றார். ஆடு எங்கே என்று கேட்டார். அது இப்போது கொட்டகை ஓரம் படுக்கிறது, எங்கள்மேல் அதற்குக் கோபம்.

அந்த வேட்டியைச் சமையலறை ஜன்னலுக்குத் திரையாகத் தைத்துவிட்டேன். எனக்குத் தெரு தெரிகிறது என்றால் தெருவுக்கும் நான் தெரிகிறேன் அல்லவா? துண்டை வேலைக்குத் தலையில் கட்டிக்கொள்கிறேன்.

ஆமாம், வேலைக்கு. தைலம்மா அக்கா அவள் சமையலறை ஜன்னலை இரண்டு வரி இறக்கித் தரச் சொல்கிறாள். அதைக் கேள்விப்பட்டு அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் கேட்டுவிட்டார்கள், மூன்றும் நீங்கள் கட்டின வீடுதான். ஆதிமூலம் வீட்டம்மாவும் ஆள் அனுப்பியிருக்கிறார், ஆதிமூலத்துக்குத் தெரிய வேண்டாமாம். கொத்தனார் கூலிக்கு நான் ஒத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சங்கடம். தைலம்மா அக்கா கரணை பிடிக்கக் கற்றுக்கொள்கிறாள், அதனால் எனக்குச் சட்டி தூக்க ஒரு ஆள் குறைகிறது. மலை வேலை முடிந்ததும் நீங்கள் வருகிறீர்களா? வேகமெல்லாம் வேண்டாம். கல்லின் மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் உட்காரத் தெரிந்தால் போதும்.

யோசித்து எழுதுங்கள், ஆறு தடவை கிழிக்காமல்.

கோகிலவாணி, கொத்தனார்